மூடியின் உட்புறம்

எழுதப் படிக்கத் தெரியாது எனக்கு.
சர்க்கரை டின் மூடியின் உட்புறம்
அடுப்புக்கரியால் படம் போட்டு வைப்பேன்.
ஒரு மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் ஏழு கோடு: முஸம்மில்.
ஒரு கடைவாய்ப் பல், மூன்று கோடு:
பல் டாக்டருக்குப் படிக்கும் இஸ்ரா.
தலைப்பாகை மாதிரி ஏதோ ஒன்று, பன்னிரண்டு.
அவன் பெயரைக் கேட்டதே இல்லை,
ஐந்து கரண்டிச் சர்க்கரை என்பது மட்டும் தெரியும்.

ராணுவத் தலைமையகத்துக்கு எதிரே
ரயில் பாலத்தடியில் என் அடுப்பு.
மேலே பையன்கள்
பாலத்து இரும்பைக் கல்லால் தட்டிக்கொண்டே இருப்பார்கள்,
முறை வைத்து, ராவும் பகலும்.
முதல் வாரம் தலை வெடித்தது.
அப்புறம் அது நின்றால்தான்
எனக்கு விழிப்புத் தட்டியது.

நோன்பு மாதம். பகலில் அடுப்பு இல்லை.
இரவெல்லாம் இஞ்சிக் காப்பி, புளிச்சைப்பூத் தேநீர்.
நடைபாதைச் செங்கல்லைப் பெயர்த்துத்
தடுப்பு கட்டியதில் பிய்ந்த நகத்தை
ஊதிக்கொண்டே இஸ்ரா கேட்டாள்:
"மக்கள் ஆட்சி வந்தா
உனக்கு என்ன வேணும் கல்தூமா?"
"போலீஸ்காரன் என் ஸ்டூலைத் தூக்கிட்டுப் போகக் கூடாது."
சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் அதை அட்டையில் எழுதி
மற்ற கோரிக்கைகளுக்குக் கீழே கட்டினாள்.
ஒன்பதாவது, என்று வாசித்துக் காட்டினாள்.

பெருநாளுக்கு முந்தின விடியல். மழை.
சஹர் முடிந்து தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
பாலம் நின்றது.
அதைத்தான் முதலில் கேட்டேன்,
நின்றதை.
பிறகு வண்டிகள்.

பிறகு நடந்ததை நான் சொல்ல மாட்டேன்.
ரெக்கார்டரோடு வந்து எத்தனையோ பேர் கேட்டாயிற்று,
அழக்கூடச் சொன்னார்கள்.
இவ்வளவு சொல்கிறேன்:
கொதிக்கிற கெண்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல்
கையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.
கால் வெந்துவிட்டது.
இரண்டு நாள் கழித்துத்தான் வலித்தது.

மூன்றாம் நாள் மீன்காரன் ஒருவன் வந்து
தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான்.
நைலில் வலை கனத்ததாம்.
இழுத்தால், காலில் செங்கல் கட்டியிருந்ததாம்.
வீடு கட்டுகிற செங்கல் இல்லை, என்றான்,
ஒரு பக்கம் மட்டும் நடந்து நடந்து மழமழத்தது.
எந்தச் செங்கல் என்று எனக்குத் தெரியும்.
யார் நகம் பிய்ந்தது என்றும்.
கட்டியிருந்தது ஆணா பெண்ணா என்று
கேட்க வாயெடுத்தேன்.
சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

இப்போது சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தாயிற்று.
பாலத்தடியில் யாரும் கடை போடக்கூடாது.
ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டேன்.

நேற்று ஒரு சிப்பாய்.
மீசை சரியாக முளைக்கவில்லை.
பேச்சில் எங்கள் மேற்குப் பக்கத்து இழுவை.
எரிந்த ஊர்க்காரனோ என்று பார்த்தேன்,
எரித்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம்,
இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.
சர்க்கரைக்கு டின்னைத் திறந்தபோது மூடியைப் பார்த்தான்.
"இதெல்லாம் என்ன?"
"கடன்."
"யாருது?"
கரண்டியைத் தேடுகிற மாதிரி இருந்தேன்.
அவன் எண்ணினான்,
விரலால் தொடாமல், வாய்க்குள்.
பிறகு பையிலிருந்து நோட்டுகளை எடுத்து
மொத்தத்துக்குமாகத் தட்டில் வைத்தான்.
கை நடுங்கியது என்று சொல்ல எனக்கு ஆசை.
நடுங்கவில்லை.

ஒரு தேநீருக்கு உண்டானதை எடுத்துக்கொண்டு
மீதியை எண்ணிக் கொடுத்தேன்.
ஒவ்வொரு நோட்டாக. சத்தமாக.
வாங்கிக்கொண்டான்.
பாதி தம்ளரில் எழுந்து போனான்.

புழுதிக்காற்றுக் காலம், கரி நிற்பதில்லை.
வாரம் ஒருமுறை
பழைய கோட்டின் மேலேயே இழுத்துவிடுகிறேன்,
கூடாமல், குறையாமல்.
கண்ணாடிக்கு ஏழு. பல்லுக்கு மூன்று.
தலைப்பாகைக்குத்தான் கை நின்றுவிடுகிறது.
கடைசி இரவு, மழை தூறத் தொடங்கியபோது
ஒன்று வாங்கிக் குடித்தானே,
ஐந்து கரண்டி போட்டேனே,
அந்தக் கோட்டைப் போட்டேனா, இல்லையா?